தாடிக்குள் போகும் காற்று

ஜூலை 14, திங்கள்

பள்ளியை விட்டுக் கிளம்பும்போதே மழை பிடித்துக்கொண்டது. மசூதி ரோடு முழுக்கத் தண்ணீர். ஆட்டோக்காரன் சந்துக்குள் வரமாட்டேன் என்றான். கன்னடத்தில் நாலு விட்டேன், வாயை மூடிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தால் சிரில் தூங்கிக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷன் இப்படித் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று! சிகரெட் தின்று முடித்த நுரையீரல். படுத்தால் இருமல், உட்கார்ந்தால் இளைப்பு. போன வாரம் சளி வேறு பிடித்தது. இன்று மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு சோபாவில் சாய்ந்தவர்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து "ம்" என்கிறார், மறுபடி போய்விடுகிறார். தூங்கட்டும். புண்ணியமாகப் போகும் மாதாவே என்று நானும் காலை நீட்டிக்கொண்டேன்.

தாடி மார்பைத் தொடுகிறது. நிக்கோலுக்கு ஏழாம் மாதம். பிள்ளை பிறந்து, வேளாங்கண்ணிக்குப் போய், ஆரோக்கிய மாதாவுக்கு முடிக்காணிக்கை கொடுக்கும்வரை கத்தி படக்கூடாது என்று பொருத்தனை. எங்கள் ஒரே மகளுக்காக அப்பன்காரன் செய்துகொண்டது. போன முறையும் இப்படித்தான் விட்டார். ஆறாம் மாதத்தில் அந்தக் குழந்தை போய்விட்டது. அதற்கு முந்தியது தங்கவே இல்லை. அதனால் இந்தத் தாடியை நான் ஒன்றும் சொல்வதில்லை. ரசம் குடிக்கும்போது மட்டும் சொல்வேன்.

ஜூலை 15, செவ்வாய்

அது தூக்கம் இல்லையாம்.

காலையில் காபி ஆற்றிக்கொண்டு போய் எழுப்பினேன். எழவில்லை. உலுக்கினேன். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு பிரிஸில்லா நைட்டியோடு ஓடிவந்தாள். அவள் புருஷன்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஐ.சி.யூ. டாக்டர் பெயர் ஷ்ரேயாஸ். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், மீசைகூடச் சரியாக இல்லை. ஆனால் பொறுமையாகச் சொன்னார். "ஆன்ட்டி, அங்கிளுக்கு வெளியே போகவேண்டிய காத்து போகல்ல. கார்பன் டை ஆக்ஸைட் உள்ளயே நின்னு நின்னு மூளைய மயக்கிடுச்சு. ரெண்டு நாளா ஜாஸ்தி தூங்கினாரா?"

தூங்கினார் ஐயா. நான் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு சந்தோஷப்பட்டேன். என்ன பொம்பளை நான்?

முகத்தில் ஒரு மாஸ்க். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிறது, ஓரமெல்லாம் மெத்தென்று ரப்பர், தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டிய பட்டைகள். அதிலிருந்து ஒரு குழாய் மெஷினுக்குப் போகிறது. பைபாப் என்கிறார்கள். அவர் மூச்சை இழுக்கும்போது அது தள்ளிக்கொடுக்கிறது, விடும்போது விட்டுக்கொடுக்கிறது. தொண்டைக்குள் எதையும் இறக்கவேண்டாம். இது வேலை செய்தால் பிழைத்தார். செய்யாவிட்டால் தொண்டையில் டியூப், வென்டிலேட்டர். "இந்த லங்ஸுக்கு டியூப் போட்டா திரும்பி எடுக்கறது கஷ்டம், ஆன்ட்டி. அதனால இதையே டிரை பண்ணணும்."

எடுக்கறது கஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

மாலையில் நிக்கோல் போன். "டாடி எங்க மம்மி? காலையில இருந்து எடுக்கவே இல்ல." ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்த வயிறு. அவளிடம் எப்படிச் சொல்வேன்? வாயில் வந்தது இதுதான்: "ரிட்ரீட் போயிருக்காருடி. திடீர்னு கிளம்பிட்டாரு. தியான மையத்துல போனெல்லாம் வாங்கி வெச்சிடுவாங்க, தெரியாதா?" ஜெபத்தை வைத்துப் பொய் சொன்னேன். மாப்பிள்ளை ஜாய்சனுக்குத் தனியாக விஷயத்தைச் சொன்னேன். "சரி மம்மி, நானும் அப்படியே மெயின்டெயின் பண்றேன்" என்றான்.

ஜூலை 16, புதன்

பீப். பீப். பீப். மெஷின் கத்திக்கொண்டே இருக்கிறது. மாஸ்க்கிலிருந்து காற்று ஒழுகுகிறதாம். நர்ஸ் பார்கவி பட்டையை இறுக்குகிறாள், அடங்குகிறது. இரண்டு நிமிஷம். மறுபடி பீப். மூக்குத்தண்டு சிவந்து தோல் வழண்டுவிட்டது, அங்கே ஒரு பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். வேறு சைஸ் மாஸ்க் போட்டுப் பார்த்தார்கள். ஜெல் தடவினார்கள். தாடிமேல் பிளாஸ்டிக் மாதிரி ஏதோ ஒட்டினார்கள். ஒன்றுக்கும் அடங்கவில்லை.

டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தாடி தெகீபேகு ஆன்ட்டி. எடுத்தே ஆகணும். மெஷின் குடுக்கற காத்தெல்லாம் அதுக்குள்ள பூந்து வெளிய போகுது. உள்ள போகவேயில்ல."

அது பொருத்தனை டாக்டர் என்றேன். அவருக்கு அது புரிந்தது, அதுதான் ஆச்சரியம். "எங்க வீட்லயும் திருப்பதிக்கு விடுவாங்க. ஆனா..." என்று நிறுத்திக்கொண்டார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கையால் அழுத்திப் பிடித்தால் காற்று நிற்கிறது என்று பார்கவி காட்டினாள். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். விட்டார்கள். இரண்டு கையாலும் அவர் தாடையையும் மாஸ்க்கையும் சேர்த்து அமுக்கிக்கொண்டு நின்றேன். மெஷின் பேசாமல் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஆகா, இப்படியே பிடித்தே காப்பாற்றிவிடுவேன் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் முடியும்? தோள் கடுத்தது, விரல் மரத்தது. லேசாக அசைந்தேன், உடனே பீப். பார்கவி என் கையை மெல்ல எடுத்துவிட்டாள். "ஆகல்லம்மா. முடியாது" என்றாள்.

இவருக்குச் சுயநினைவு இருந்தால் என்ன சொல்வார்? எனக்கா தெரியாது. கழுத்தை வெட்டு, தாடியைத் தொடாதே என்பார். அப்படிப்பட்ட பிடிவாதம் பிடித்த ஆள்.

நிக்கோலைக் கேட்கலாமா? கேட்டால் அப்பன் ஐ.சி.யூ.வில் கிடப்பதைச் சொல்லவேண்டும். சொல்லி அவளுக்கு ஏதாவது — ஐயோ, எழுதக்கூட மாட்டேன்.

ஜூலை 17, வியாழன்

வழித்துவிட்டேன்.

காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்ஸைட் நாற்பது சொச்சம் இருக்கவேண்டியது, எண்பதைத் தாண்டிவிட்டது. கூப்பிட்டால் "ம்" கூட இல்லை. "இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல டியூப்தான்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் ஷேவ் பண்ண ஆள் இருக்கிறது, வரச்சொல்லட்டுமா என்றார்கள். யார் கையும் படவேண்டாம். பாவமென்றால் அது என் தலையில் இருக்கட்டும். முதலில் கத்தரிக்கோல். கொத்துக் கொத்தாக வந்தது. அப்புறம் சோப்பு, பிளேடு. மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் எடுப்பார்கள், நான் வழிப்பேன், உடனே போட்டுவிடுவார்கள், மறுபடி எடுப்பார்கள். அவசரத்தில் இரண்டு இடத்தில் கீறிவிட்டது. வாய் ஓயவில்லை எனக்கு. மாதாவோடு சண்டை. சத்தமாகத்தான் போட்டேன், பார்கவி திரும்பிப் பார்த்தாள். "அம்மா தாயே, உனக்குத் தாடிதான வேணும்? அதுக்கு ஆள் உசுரோட இருக்கணுமா வேணாமா? செத்தவனுக்குத் தாடி வளருமா? கேக்கறேன் சொல்லு. கோவம் இருந்தா எம்மேல காட்டு. என் பொண்ணு மேல கைய வெச்ச, அப்புறம் உன் கோயில் பக்கம் தலைவெச்சுப் படுக்கமாட்டேன்."

கதீட்ரலில் முப்பது வருஷமாக முதல் பெஞ்சில் உட்காருகிற பொம்பளை பேசுகிற பேச்சா இது? பேசினேன்.

வழித்த தாடியை ஒரு கவரில் போட்டு ஹேண்ட்பேக்கில் வைத்தேன். குப்பைத்தொட்டியில் போட மனசு வரவில்லை. மாஸ்க்கைப் போட்டார்கள். முகத்தோடு கப்பென்று உட்கார்ந்தது. மெஷின் சத்தம் போடவில்லை. நான் வெளியே வந்து ஹாலில் ஒரு நாற்காலியில் விழுந்தேன்.

நிக்கோலின் மெசேஜ் வந்திருந்தது. "Baby kicking like mad mummy." உதைக்கிறதா? ஏன் இப்போது உதைக்கிறது? நல்லதற்கா கெட்டதற்கா?

ஜூலை 18, வெள்ளி

அறுபத்தைந்துக்கு வந்துவிட்டதாம்! டாக்டர் கட்டைவிரலைக் காட்டினார். மத்தியானம் கண் திறந்தார். என்னைப் பார்த்தார், தெரிந்துகொண்டார். கண்ணோரம் சிரிப்புகூட வந்தது. அப்புறம் அரிப்பெடுத்ததோ என்னவோ, கை மேலே போனது. கன்னத்தைத் தொட்டது. தாடையைத் தொட்டது. மாஸ்க்குக்குக் கீழே தேடித் தேடிப் பார்த்தது.

அந்தக் கண்ணை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கோபம் இல்லை. பயம். அப்படி ஒரு பயம். விரலால் வயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டி என்னைப் பார்த்தார். நிக்கோலுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார். பிள்ளை போய்விட்டது, அதனால்தான் வழித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். "இல்லீங்க, இல்லீங்க, புள்ள நல்லாருக்கு, உதைக்குது, உங்களுக்காகத்தான் எடுத்தேன், மாஸ்க் நிக்கல" என்று ஐ.சி.யூ. என்றும் பாராமல் கத்தினேன்.

புரிந்தது. புரிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஜூலை 21, திங்கள்

சாப்பிடவும் மருந்துக்கும் மாஸ்க்கைச் சிறிது நேரம் எடுக்கிறார்கள். பார்கவியிடம் நாலு வார்த்தை பேசுகிறார். டாக்டரிடம் பேசுகிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஸ்பூனை நீட்டினால் வாயைத் திறக்கிறார், அவ்வளவுதான். கட்டி முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு, இப்படி என்னை வைத்ததில்லை. திட்டினால்கூடத் தாங்குவேன்.

தாடையெல்லாம் வெள்ளை முள்ளாக முளைத்துவிட்டது. மாஸ்க் ஓரத்தில் லேசாக உஸ்ஸென்று சத்தம். சவரம் செய்யலாம் என்று பார்கவி கிண்ணத்தோடு வந்தால், இரண்டு கையாலும் தாடையை மூடிக்கொள்கிறார். மறுபடி வளர்க்கப்போகிறாராம். விட்ட இடத்திலிருந்து பொருத்தனையைப் பிடிக்கப்போகிறாராம். அவளிடம் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 22, செவ்வாய்

மறுபடி பீப்.

எழுபதுக்கு ஏறிவிட்டது. "ஆன்ட்டி, இப்ப அவருக்கு நினைவு இருக்கு. வேண்டாம்னு சொல்றாரு. என்னால கட்டிப்போட்டு ஷேவ் பண்ண முடியாது. நீங்கதான் பேசணும்" என்கிறார் டாக்டர். பேசினேன். கெஞ்சினேன். காலைப் பிடித்தேன். "எனக்காக வேணாம், பொறக்கப்போற புள்ளைக்காக" என்றேன். அதற்காகத்தான் வளர்க்கிறேன் என்கிற மாதிரி தாடையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

எருமை. எருமை. எருமை. இங்கே எழுதாமல் எங்கே சொல்வேன்?

கண் மறுபடி சொருகுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே போகிறது. எனக்கு இப்போது அந்தத் தூக்கத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, தூங்காதீங்க, தூங்காதீங்க என்று தட்டிக்கொண்டே இருந்தேன். விசிட்டிங் டைம் முடிந்தது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 23, புதன்

பிரிஸில்லா கெடுத்தாள். நல்ல மனசோடுதான், பாவி. பங்கு ஜெபக்குழு வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட்டாள்: நம் சகோதரர் சிரில் ஐ.சி.யூ.வில் கவலைக்கிடம், அனைவரும் ஒரு ஜெபமாலை சொல்லவும். கல்யாணமாகி ஹெப்பகோடி போனபிறகும் நிக்கோல் அந்தக் குழுவை விட்டு வரவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை.

போனில் அழவில்லை அவள். "ரிட்ரீட்டா மம்மி?" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள். ஜாய்சன் கூப்பிட்டான், நாளைக் காலையில் கூட்டிவருகிறேன், தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை என்றான்.

அந்த வழித்த முகத்தை அவள் பார்க்கக்கூடாது. பார்க்கவே கூடாது. மாதாவே, நான் பேசியதெல்லாம் பேசினேன். வாய் நீளம். மன்னித்துவிடு. அவளை மட்டும் விட்டுவிடு.

ஜூலை 24, வியாழன்

வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க. நான் வாசலிலேயே மறித்தேன். "உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன் கேளுடி. டாடிக்குத் தாடி இல்ல. நான்தான் எடுத்தேன். மெஷின் நிக்கல. என்னைத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு, மனசுல எதுவும் வெச்சுக்காத."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஒருவர்தான் போகலாம் என்ற செக்யூரிட்டியிடம், இரண்டு பேராகத்தான் போகமுடியும் என்று வயிற்றைக் காட்டினாள். அவன் என்னையும் சேர்த்து விட்டுவிட்டான்.

சிரில் அவளைப் பார்த்ததும் கையால் முகத்தை மூடினார். மாஸ்க்குமேல் கை, அதற்குள் பீப், பீப். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்தாள். எடுத்து அப்படியே வைத்துக்கொண்டாள்.

"டாடி, போன தடவ எனக்கு யாரும் சொல்லல. தெரியுமா? மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறந்தேன். நீங்க ஷேவ் பண்ணிட்டு வந்து கட்டில் பக்கத்துல நின்னீங்க. உங்க மூஞ்சப் பாத்துதான் எம்புள்ள போச்சுன்னு தெரிஞ்சுது."

எனக்கு அன்றைக்கே தெரியாமல் போயிற்றே இது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த தடவ மறுபடி விட ஆரம்பிச்சீங்க. எனக்கு வீடியோ கால்ல உங்களப் பாக்கவே பயம் டாடி. ஒவ்வொரு தடவயும் நீளமாயிட்டே வருது. இது போச்சுன்னா அதுவும் போயிடும், அது போச்சுன்னா இதுவும் போயிடும்னு தூக்கம் இல்ல எனக்கு. நீங்க எனக்காகப் பண்றீங்க, எப்படி வேணாம்னு சொல்றது? இப்ப சொல்றேன். எம்புள்ள உங்க தாடியில தொங்கல. என் வயித்துல இருக்கு. உங்களுக்குத் தாடி போய் ஒரு வாரம் ஆச்சு, அது பாட்டுக்கு நல்லாத்தான இருக்கு? பொறந்து வந்தா தூக்கிக்க எனக்கு டாடி வேணும். மாதாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், போங்க."

சிரிலின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மாஸ்க் ரப்பரில் நின்றது. கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிட்டது. கேட்டாரா, எவ்வளவு கேட்டார், தெரியவில்லை. ஜாய்சன் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் நாளைக் காலை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு என்றார். இனி தள்ளிப்போட முடியாதாம்.

நிக்கோல் என்னிடம் போகும்போது சொன்னாள்: "நீ தனியா எடுத்தியா மம்மி அத? கூப்பிட்டிருந்தா நானும் வந்து பிடிச்சிருப்பேன் இல்ல." வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன்.

ஜூலை 25, வெள்ளி

காலையில் போகும்போது ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே நின்று ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன், பாதியில் மறந்துவிட்டது. உள்ளே போனால் பீப் சத்தம் வாசலுக்கே கேட்கிறது. டியூப் போடுகிற வண்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் இன்னும் வரவில்லை.

முழித்திருந்தார். பார்கவி மருந்துக்காக மாஸ்க்கைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விரலை ஆட்டிக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்து, இடதுபக்கக் காதுக்குக் கீழே, தாடை வளைகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார். முள்ளு முள்ளாக இருந்தது.

"அன்னைக்கே... இந்த எடத்த... விட்டுட்ட" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் இளைத்தது. "காத்து பூரா... இங்கதான் போவுது. என்னா ஷேவ் பண்ண நீ? நல்லா வழி, மௌரி."

பேரைச் சொல்லி என்னிடம் பேசினார். பேசினதும் குற்றம் கண்டுபிடித்துத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. பார்கவி ஓடிப்போய்க் கிண்ணமும் பிளேடும் கொண்டுவந்தாள். அவர் தானாகவே தலையைச் சாய்த்து அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"வாய மூடுங்க, இருக்கிற காத்தும் போவுது" என்று சொல்லிவிட்டு, சோப்பைக் குழைத்தேன்.